விருந்துக்கேற்ற கிறான்பெரிப் பானம்

நத்தாரும் புத்தாண்டும் தைப்பொங்கலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் காலம், இல்லங்கள் தோறும் விருந்தினர் மிகும் காலமாகும். முறுக்கும் பயற்றம்பணியாரமும் நத்தார்க் கேக்கும் நாட்கணக்கில் பாடுபட்டுச் செய்து அடுக்கி வைக்கும் இல்லத்தலைவியர், அருந்துவதற்கு என்ன கொடுப்பது என்னும் வினா எழும்போது மாத்திரம் கடைச் சோடாப் போத்தல்களை மேசைமீது வரிசையாக நிறுத்திவிட்டு அமைதியடைகின்றனர். மது அருந்தும் விருந்தினர்க்குத் தனி மேசையும் அழகிய கண்ணாடிக் கிண்ணங்களும் பனிக்கட்டியும் ஆயத்தமாக இருக்கும். அருந்தாதவருக்கோ, வயது அறுபதாயினும், சிறுவருக்குக் கொடுக்கும் அதே நிறச் சோடாவே கிடைக்கும். ஒரே கூரையின்கீழ் வந்தவர்களை இவ்வாறு இரு வகுப்பாகப் பிரித்து உபசரிப்பது நல்ல விருந்தோம்பலாகுமா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இக்குறையை நீக்க வல்லதொரு பானத்தையே இவ்வாரம் நேயர்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம். அது வட அமெரிக்க இல்லங்களில் பண்டிகை மேசையை அணிசெய்யும் கிறான்பெரிக் கொக்டெயில். பெயரைக் கேட்டவுடன் புருவம் உயர்த்தும் பெரியோர் சற்றுப் பொறுத்து மேலே படிக்க வேண்டுகின்றோம்.

கொக்டெயில் என்னும் சொல்

1806 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து ஹட்சன் என்னும் ஊரில் வெளிவந்த பத்திரிகையொன்று, வாசகர் ஒருவரின் வினாவுக்கு விடையாக, மதுவும் சீனியும் நீரும் கசப்புச் சாறும் சேர்ந்த பானமே கொக்டெயில் என்று விளக்கந் தந்தது. அச்சொல்லுக்கு மதுவின் வாடை அன்றே ஏறிவிட்டது. ஆயினும் காலப்போக்கில் பொருள் விரிந்தது. பழத்துண்டுகள் பலவற்றைக் கலந்து கொடுப்பதைப் பழக் கொக்டெயில் என்கின்றோம்; அதில் மது இருப்பதாக எவரும் ஐயுறுவதில்லை. கிறான்பெரிப் போத்தலின்மீது காணப்படும் கொக்டெயில் என்னும் சொல்லும் அத்தகையதே. பழச்சாற்றுடன் நீரும் சீனியும் கலக்கப்பட்டிருக்கின்றன என்பதே அங்கு அதன் பொருள்.

பெயர் வேறு, பொருள் வேறு என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. இஞ்சி மணக்கும் ஜிஞ்சர் பியரைச் சிறுவரும் முதியவரும் அருந்துகின்றனர். பெயரில் பியர் இருந்தாலும் போத்தலில் மது இல்லை. மாறாக, பானங்களுக்கு மணமூட்டச் சில துளிகள் விடும் அங்கொஸ்ரூரா பிற்றேர்ஸ் என்னும் கசப்புச் சாற்றின் பெயரில் மதுவைக் குறிக்கும் எழுத்து ஒன்றுமில்லை. ஆனால் அதன் பருமனில் நூற்றுக்கு 44.7 பங்கு மதுசாரம் அடங்கியுள்ளது. ஆகவே பெயரை மட்டும் நம்பி எதனையும் ஏற்கவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது. உள்ளே இருப்பது என்னவென்று அறிந்து கொடுப்பவரே நல்ல இல்லத்தவர்.

சதுப்பு நிலத்துச் செங்கனி

கிறான்பெரி வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மணலும் அமிலத்தன்மையும் பொருந்திய ஈரநிலத்தில் தரையோடு படரும் சிறு கொடியில், கோலிக்குண்டினும் சிறிதாகச் செக்கச் சிவந்து காய்ப்பது. அதன் பூ நாரையின் தலையையும் அலகையும் ஒத்திருத்தலால் நாரைப் பழம் என்னும் பொருளில் அப்பெயர் அமைந்தது என்பர். ஐரோப்பியர் குடியேறுமுன்னரே அந்நிலத்துப் பழங்குடி மக்கள் அதனை உணவாகவும் மருந்தாகவும் சாயமாகவும் பயன்படுத்தி வந்தனர்.

1816 ஆம் ஆண்டளவில், மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேப் கொட் கரையிலுள்ள டெனிஸ் என்னும் ஊரில் வாழ்ந்த ஹென்றி ஹோல் என்பவர், கடற்காற்று அள்ளி வந்த மணல் படிந்த இடங்களில் காட்டுக் கொடிகள் முன்னையினும் செழித்து வளர்வதைக் கண்டார். அவர் தாமே மணல் பரப்பிக் கொடிகளை வளர்க்கத் தொடங்கியதே இப்பழத்தின் பயிர்ச்செய்கைக்கு வித்தாயிற்று. இன்று அமெரிக்க விளைச்சலில் பாதிக்கு மேல் விஸ்கொன்சின் மாநிலத்திலிருந்து வருகின்றது. கனடாவில் கியூபெக் மாகாணம் இதற்குப் பேர்போனது.

புரட்டாதி நடுவில் தொடங்கிக் கார்த்திகை வரையில் அறுவடை நடைபெறும். சாறு பிழிவதற்கான பழங்களை அறுவடை செய்யும் முறை காண்பதற்கு இனியது. வயலில் நீரைப் பாய்ச்சிக் கொடிகளை மூழ்கடிப்பார்கள். இயந்திரத்தால் நீரைக் கலக்கியதும் பழங்கள் காம்பினின்று விடுபட்டு மேலே மிதக்கும். வயல் முழுவதும் செங்கம்பளம் விரித்தாற்போலத் தோன்றும். பழத்தினுள் காற்று நிறைந்த நான்கு சிற்றறைகள் இருப்பதே அவை மிதப்பதற்குக் காரணம். அக்காற்றே நல்ல பழத்தைப் பந்துபோல் துள்ளவும் செய்கின்றது, அழுகியது துள்ளாது. பழந் தேர்வதற்கு வட அமெரிக்கர் கண்டறிந்த எளிய சோதனை இது.

இத்துணை அழகிய பழத்தைப் பச்சையாக வாயிலிட்டால் முகஞ் சுளிக்காதவர் இலர். நூறு கிராம் தோடம்பழத்தில் ஏறத்தாழ 9 கிராம் சீனிச் சத்து இருக்க, நூறு கிராம் கிறான்பெரியில் ஏறத்தாழ 4 கிராம் மாத்திரமே உண்டு. புளிப்போ மிகுதி; துவர்ப்பும் உடன் உண்டு. ஆதலால் தனிச் சாறு அருந்துவதற்கு அரிது. நீரும் இனிப்பும் சேர்ந்த பின்னரே அது விருந்துக்கு உரியதாகின்றது.

ஒரு பண்டிகைக் காலத்துப் பாடம்

இப்பழம் நெடுங்காலம் இரண்டு திருநாட்களையே நம்பி வாழ்ந்தது. ஒன்று, கார்த்திகை மாதத்து நான்காம் வியாழக்கிழமை அமெரிக்கர் கொண்டாடும் நன்றி நவிலல் நாள், மற்றொன்று நத்தார். அவ்விரு நாட்களிலும் வான்கோழி இறைச்சியுடன் கிறான்பெரிச் சம்பலொத்த இனிப்புக் குழம்பு பரிமாறப்படும். 1912 ஆம் ஆண்டில் மார்க்கஸ் யூரன் என்னும் வழக்கறிஞர் அக்குழம்பைத் தகரத்தில் அடைத்து விற்கத் தொடங்கினார். 1930 ஆம் ஆண்டில் அவரும் ஜோன் மேக்பீஸ், எலிசபெத் லீ என்னும் இருவரும் ஒன்றுகூடி ஓஷன் ஸ்பிறே என்னும் விவசாயிகள் கூட்டுறவை நிறுவினர். கிறான்பெரிக் கொக்டெயில் என்னும் போத்தற் பானம் அக்கூட்டுறவினாலேயே 1930களில் சந்தைக்கு வந்தது.

பின்னர் 1959 ஆம் ஆண்டு கார்த்திகை 9 ஆம் நாள் வந்தது. ஒறிகன், வொஷிங்ரன் மாநிலங்களில் விளைந்த பழத்தின் ஒரு பகுதியில் அமினோரையசோல் என்னும் களைநாசினி கலந்திருப்பதாகவும், அது எலிகளில் தைரொயிட்டுப் புற்றுநோயை உண்டாக்கியதாகவும் அமெரிக்கச் சுகாதார அமைச்சர் ஆதர் பிளெமிங் அறிவித்தார். பழம் எங்கு விளைந்தது என்று தெரியாத நிலையில் இல்லத்தலைவி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, வாங்காதிருப்பதே பாதுகாப்பு என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தார். நன்றி நவிலல் நாளுக்கு இன்னும் பதினேழு நாட்களே இருந்தன. கடைகள் பழத்தை அப்புறப்படுத்தின. உணவுச்சாலைகள் அதனைப் பட்டியலிலிருந்து நீக்கின. மாசு சிறிதுமற்ற மாநிலங்களின் விளைச்சலும் விலைபோகவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் எதிரெதிரே நிற்கவிருந்த நிக்சனும் கெனடியும் விஸ்கொன்சினுக்குச் சென்று, ஒருவர் பழத்தை உண்டும் மற்றவர் சாற்றை அருந்தியும் காட்டி விவசாயிகளைத் தேற்றினர்.

அந்நிகழ்ச்சிக்குப் பின்னர், ஆண்டில் இரு நாள் விற்பனையை நம்பியிருத்தல் ஆகாது என்று உணர்ந்த விவசாயிகள் போத்தற் பானத்தில் முழுமூச்சாக இறங்கினர். ஆண்டு முழுவதும் அப்பானம் கிடைப்பதற்கு 1959 ஆம் ஆண்டின் துன்பமும் ஒரு காரணமாயிற்று. நாம் அதிலிருந்து பெறும் பாடம் வேறொன்று. தன் மேசைக்கு வருவது என்னவென்று அறியாதபோது, எந்த இல்லத்தலைவியும் அதனைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் துணியவில்லை. நம் வீட்டுக்கு வரும் விருந்தினரோ, கையிற் கொடுத்த கிண்ணத்தை ஒரு வினாவுங் கேளாமல் வாங்கி அருந்துகின்றனர். நம்மேல் வைத்த நம்பிக்கையே அதற்குக் காரணம். அந்நம்பிக்கைக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

செய்முறை

இனி அடுக்களைக்குச் செல்வோம். பத்து முதல் பன்னிரண்டு பேருக்குப் போதுமான அளவு கீழே தரப்படுகின்றது.

கிறான்பெரிப் பழம் 340 கிராம். அமெரிக்கக் கடைகளில் 12 அவுன்ஸ் பைகளாக விற்கப்படும் அளவு இதுவே. தண்ணீர் 1 லீற்றர். சீனி 150 முதல் 200 கிராம். கறுவாப்பட்டை ஒரு துண்டு. பெருவிரல் நீள இஞ்சி, தோல் நீக்கி வட்டமாக அரிந்தது. தோடம்பழம் மூன்று. தேசிக்காய் ஒன்று. நன்கு குளிரூட்டிய ஜிஞ்சர் பியர் அல்லது வெறும் சோடா 750 மில்லிலீற்றர்.

பழத்தைக் கழுவி, மெலிந்தவற்றை அகற்றுக. எவர்சில்வர்ப் பாத்திரத்திலோ எனாமல் பாத்திரத்திலோ பழம், தண்ணீர், கறுவா, இஞ்சி, ஒரு தோடம்பழத்தின் மேற்றோலில் சீவிய இரண்டு கீற்று ஆகியவற்றை இட்டு அடுப்பில் ஏற்றுக. புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். ஆதலால் அலுமினியச் சட்டி ஆகாது. கொதி வந்ததும் பழங்கள் படபடவென்று வெடிக்கும். அப்போது தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்க விடுக. அதற்கு மேல் வற்றக் காய்ச்சினால் பழத்திலுள்ள பெக்ரின் என்னும் பொருள் திரண்டு, பானம் பாகுபோல் தடிப்பேறும்.

சுத்தமான துணியில் வடித்து, தானாகவே சொட்ட விடுக. துணியை முறுக்கிப் பிழிந்தால் சாறு கலங்கும். வடித்த சாறு சூடாக இருக்கும்போதே 150 கிராம் சீனியைக் கரைத்துச் சுவை பார்க்க. போதாதெனில் மிகுதியையும் சேர்க்க. நாவில் முதலில் புளிப்பும் பின்னர் இனிப்பும் தோன்றுவதே சரியான பதம். ஆறிய பின்னர் தோடம்பழச் சாற்றையும் தேசிக்காய்ச் சாற்றையும் வடித்துச் சேர்த்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடலாம். இரண்டு நாள் முன்னதாகவே இதனைச் செய்து வைத்தால் விருந்தன்று அலைச்சல் இராது. துணியில் எஞ்சிய சக்கையையும் எறிய வேண்டாம். கறுவாவையும் இஞ்சியையும் எடுத்துவிட்டுச் சீனியுடன் கிளறினால் பாணுக்குப் பூச உதவும்.

விருந்தினர் அமர்ந்த பின்னரே ஜிஞ்சர் பியரையோ சோடாவையோ சேர்க்க வேண்டும். பாத்திரத்தின் விளிம்பு வழியாக மெல்ல ஊற்றி, ஒருமுறை மாத்திரம் கிளறுக. முன்னதாகக் கலந்தால் நுரை அடங்கிப் பானம் உயிரற்றதாகிவிடும்.

நம் நாட்டில் இப்பழம் விளைவதில்லை. கொழும்பின் பெருங்கடைகளிற் கிடைக்கும் போத்தற் பானத்தைக் கொண்டும் இதனைச் செய்யலாம். போத்தற் பானம் 1 லீற்றருக்குத் தோடம்பழச் சாறு ஒரு கோப்பை, தேசிக்காய் இரண்டு, இஞ்சிச் சாறு ஒரு மேசைக்கரண்டி, வெறும் சோடா 750 மில்லிலீற்றர் என்பது கணக்கு. சீனி சேர்க்கவே கூடாது. கொக்டெயில் எனப்படும் போத்தலில் பெரும்பாலும் நூற்றுக்கு 27 பங்கே பழச்சாறு. அத்துடன் ஒரு குவளையில் ஏறத்தாழ 25 கிராம் சீனி, அதாவது ஆறு தேக்கரண்டி, முன்னரே கரைந்துள்ளது.

அலங்காரத்துக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கொதித்தாறிய நீரை வளைய வடிவக் கேக் தட்டில் ஊற்றி, தோடம்பழ வட்டங்களையும் சில செம்பழங்களையும் இட்டு முதல் நாளிரவே உறைய வைக்க. அப்பனிக்கட்டி வளையத்தைப் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் மிதக்கவிட்டால் காட்சிக்கு இனிது. சிறு கட்டிகளைப் போல விரைவிற் கரைந்து பானத்தை நீர்த்துப் போகவும் செய்யாது.

மாணவர்க்கு ஒரு சொல்

அடுக்களையில் உதவும் மாணவர், சாற்றில் ஒரு கரண்டியை வேறாக எடுத்து அதில் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவை இட்டுப் பார்க்கட்டும். செந்நிறம் மாறி ஊதா நீலமாகும். தேசிக்காய்ச் சாறு விட்டால் மீண்டும் சிவக்கும். அந்தோசயனின் என்னும் நிறப்பொருள் அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறொரு நிறமும் காட்டுவதே இதன் காரணம். பாலை இதனுடன் சேர்த்தால் திரிந்து போவதும் அமிலத்தினாலேயே.

கிண்ணத்தின் நேர்மை

செய்முறையினும் முக்கியமான ஒன்றை இறுதியாகக் கூற வேண்டும். நடுமேசையில் வைக்கும் பெருங் கிண்ணம் எல்லார்க்கும் பொதுவானது. அதில் எவ்வகை மதுவும் ஒரு துளியேனும் கலத்தலாகாது. நம் அயலில் சைவரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் பௌத்தரும் வாழ்கின்றனர். மது அருந்துவதில்லை என்று சமயத்தாலோ சபதத்தாலோ உறுதி பூண்டவர் அவர்களுள் பலர். வண்டி ஓட்டி வீடு திரும்ப வேண்டியவர் இருப்பர். கருவுற்ற தாய்மார் இருப்பர். குடியை விட்டொழித்து, ஒவ்வொரு நாளையும் உறுதியோடு கடப்பவரும் இருப்பர். இனிப்பும் புளிப்பும் இஞ்சி மணமும் சேர்ந்த இப்பானத்தில் வொட்காவைக் கலந்தால் நாக்கு அதனை எளிதிற் காட்டிக் கொடாது. விளையாட்டாகச் சிலர் அவ்வாறு செய்துவிட்டு நகைப்பதுண்டு. நகைப்புக்குரிய செயலன்று அது. ஒருவர் பல்லாண்டு காத்த உறுதியை அவரறியாமலே குலைப்பதும், வீதியில் ஓர் உயிரை ஆபத்துக்குள்ளாக்குவதும் நட்பின் செயலாகா. மது வேண்டுவோர் தம் கிண்ணத்தில் தாமே விட்டுக்கொள்ளட்டும். அப்போத்தல் வேறிடத்தில் இருக்கட்டும். மேலே குறிப்பிட்ட கசப்புச் சாற்றுக்கும் இவ்விதியே பொருந்தும்.

நோயாளர் பற்றியும் கவனம் வேண்டும். இரத்தம் உறைதலைத் தடுக்க வார்பரின் என்னும் மருந்தை உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் கிறான்பெரி அருந்துதல் தகாது. நீரிழிவுள்ளவர்க்குச் சீனி சேர்க்குமுன் ஒரு பங்கு சாற்றை வேறாக எடுத்து, சோடாவும் தோடம்பழத் துண்டும் இட்டு, அதே அழகிய கிண்ணத்தில் கொடுக்கலாம். சிறுநீர்த் தொற்றுக்கு இப்பானமே மருந்து என்று நம்புவோரும் உளர். அடிக்கடி அந்நோய்க்கு ஆளாகும் பெண்களுக்கு அது மீண்டும் வருவதைக் கிறான்பெரி ஓரளவு குறைக்கலாம் என ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. வந்துவிட்ட நோயைத் தீர்க்கும் மருந்தாக அதனைக் கொள்ளலாகாது.

கிண்ணத்தின் அருகே ஒரு சிறு அட்டையில் கிறான்பெரி, தோடம்பழம், இஞ்சி, கறுவா, சீனி. மது இல்லை என்று எழுதி வைத்தால் போதும். கேட்கக் கூச்சப்படுவோரின் சங்கடம் அவ்வளவில் தீர்ந்துவிடும்.

கனடாவில் வாழும் நம் உறவினர் பலருக்குக் கிறான்பெரி புதியதன்று. ஐப்பசி மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை அங்கு கொண்டாடப்படும் நன்றி நவிலல் நாளிலும் நத்தாரிலும் அதனைக் கண்டிருப்பர். விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வருவோரிடம், சொக்கலேற்றுக்குப் பதிலாக உலர்ந்த கிறான்பெரிப் பை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லலாம். பனிக்கட்டி வளையத்துள் இடுவதற்கு அதுவும் உதவும். எதுவுமே கிடையாதாயின் நம் நெல்லிச் சாறு இருக்கின்றது. புளிப்பும் துவர்ப்பும் உடைய அதனோடும் இஞ்சியும் கறுவாவும் நன்கு இசையும். சோடாவை இறுதியிற் சேர்க்கும் விதியும் மாறாது. செந்நிறம் மாத்திரம் இராது.

இவ்வாண்டு விருந்தில், பேரப்பிள்ளையும் பாட்டியாரும், அருந்துபவரும் அருந்தாதவரும் ஒரே கிண்ணத்திலிருந்து ஊற்றி, ஒரே வகைக் கண்ணாடிக் குவளையில் அருந்தட்டும். தட்டை ஏந்தி வரும் பிள்ளையிடம் யாரேனும் இது என்னவென்று வினவினால், தயங்காது விடை கூறுமாறு அப்பிள்ளையைப் பழக்கி வைப்போமாக.